உடல் இளைத்தது, உலகம் மாறியது!

ஏதென்ஸ் நகரில் ஒரு சங்கீதப் பள்ளிக்கூடம். இரண்டாம் உலகப் போர் மூண்ட சமயத்தை ஒட்டிய காலம் அது.

அன்று புதிய மாணவிகளுக்குத் தேர்வு. தேர்வு நடத்தியவர் எல்விரா டி ஹிடால்கோ. ஸ்பெயின் நாட்டில் பிறந்து, பல தேசங்களில் பாடிப் புகழ் பெற்றவர்.

பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் கண்ணில் பட்டாள். நல்ல உயரம். பருத்த உடம்பு. முகத்தில் கனமான மூக்குக் கண்ணாடி. கூச்சம் தாங்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பெண்ணாவது, பாடகி ஆவதாவது! ஹிடால்கோவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதை மறைக்காமல் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பெண்ணின் முறை வந்தது. எழுந்து நின்று பாடினாள்.

சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஹிடால்கோ கண்களை மூடிக்கொண்டார். குரல் இன்னும் பண்படவில்லை. ஆனால் அருவி கொட்டுவது போல் கொட்டியது. இந்தக் குரலை வைத்து வேலை செய்தால் எவ்வளவு ஆனந்தமாக இருக்கும் என்று அவர் எண்ணினார். உடனே தன் மாணவியாகச் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்தான் மரியா காலாஸ். மேல்நாட்டு இசை நாடக உலகை ஒரு காலத்தில் ஆட்டிப் படைத்த பாடகி.

இசை நாடகம் என்றால் என்ன? அங்கே அதை ‘ஆப்பரா’ என்பார்கள். கதை முழுவதும் பாட்டிலேயே நடக்கும். நம் ஊரில் கிட்டப்பா, சுந்தரம்பாள் காலத்து நாடகங்களில் பாட்டுக்கு முதலிடம் இருந்தது அல்லவா? அதைவிட ஒரு படி மேல். சண்டையும் பாட்டு, சாவும் பாட்டு!

மரியாவின் குரலைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் நடந்த இன்னொரு விஷயம் இருக்கிறது. சுமார் முப்பது வயதில், ஓர் ஆண்டுக்கு மேல் சிறிது காலத்துக்குள், அவர் 36 கிலோ இளைத்தார்.

36 கிலோ! இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை எடுத்து, அதன் மேல் இன்னும் பதினொரு கிலோவை ஏற்றிப் பாருங்கள். அவ்வளவு பாரம் அந்த அம்மாளின் உடம்பிலிருந்து இறங்கிவிட்டது. இறங்கிய பிறகு என்ன நடந்தது?

அழகான அக்காள், குண்டுத் தங்கை

மரியா 1923-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தாள். பெற்றோர் பிழைப்புக்காகக் கிரீஸ் நாட்டிலிருந்து வந்தவர்கள். தகப்பனார் மருந்துக் கடைக்காரர்.

அவளுக்கு ஓர் அக்காள். மெலிந்த உடல், அழகான முகம். தங்கையோ குண்டு, போதாததற்குக் கண்ணாடி வேறு. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரைக் கொஞ்சுவார்கள்? சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கும் அக்காள் மேல்தான் ஆசை என்று மரியா கடைசி வரை நம்பினார். தான் பருமனாக, அவலட்சணமாக, யாருக்கும் பிடிக்காத குழந்தையாக இருந்ததாக 1956-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையிடம் சொன்னார். அப்போது அவருக்கு வயது 32. உலகப் புகழ் வந்துவிட்டது. உடம்பும் இளைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் குழந்தைக் காலத்துப் புண் ஆறவில்லை!

தாயார் இதை மறுத்தார். அவர் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். தாய்க்கும் மகளுக்கும் நடுவே யார் சொல்வது சரி என்று வெளியார் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

ஆனால் பருமனான குழந்தையை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி இருக்கிறது.

1961-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பத்து, பதினொரு வயதுச் சிறுவர் சிறுமியர் 640 பேரிடம் ஆறு படங்களைக் காட்டினார்கள். ஒரு படத்தில் எந்தக் குறையும் இல்லாத குழந்தை. மற்றவற்றில் ஊன்றுகோல் பிடித்த குழந்தை, சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை, ஒரு கை இல்லாத குழந்தை, முகத்தில் வடு உள்ள குழந்தை. ஆறாவது படத்தில் பருமனான குழந்தை.

இவர்களில் யாரை உனக்கு மிகவும் பிடிக்கிறது? அடுத்தபடியாக யாரை? இப்படி வரிசைப்படுத்தச் சொன்னார்கள். பருமனான குழந்தைக்குக் கிடைத்தது கடைசி இடம்!

நாற்பது ஆண்டு கழித்து இதே சோதனையை இன்னொரு முறை செய்தார்கள். 2003-ல் அதன் முடிவு வந்தது. காலம் மாறியிருக்குமே என்று நினைக்கிறீர்களா? மாறத்தான் செய்தது. பருமனான குழந்தையின் மேல் வெறுப்பு இன்னும் கூடியிருந்தது.

“எனக்கு அந்த வேஷம் ஆகாது”

போர் முடிந்தது. 1945-ல் மரியா நியூயார்க்குக்குத் தகப்பனாரிடம் திரும்பினார்.

அந்த ஊரில் மெட்ரோபாலிட்டன் என்று ஒரு பெரிய இசை நாடக அரங்கம் உண்டு. அங்கே பாடிக் காட்டினார். அவர்கள் ‘மேடம் பட்டர்ஃப்ளை’ என்ற நாடகத்தில் தன்னை நடிக்க அழைத்ததாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் பின்னாளில் அவர் சொல்வதுண்டு.

ஏன் மறுத்தார்? அந்தக் கதாநாயகி பதினைந்து வயது ஜப்பானியப் பெண். பட்டாம்பூச்சி போல் மென்மையானவள். அதற்கு இந்த உடம்பு பொருந்தாது என்று அவருக்கே தோன்றிவிட்டதாம்.

யாரும் வாய்விட்டுக் கேலி செய்வதற்கு முன்பே தானாக ஒதுங்கிக்கொள்வது! பருமனாக இருப்பவர்கள் பலருக்கு இது பழக்கமாகிவிடும். கல்யாண வீட்டில் புகைப்படம் எடுக்கும்போது பின் வரிசைக்குப் போய்விடுவார்கள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு என்று நின்றுகொண்டே வருவார்கள்.

1947-ல் மரியா இத்தாலிக்குப் போனார். ஆகஸ்டு 2-ந் தேதி வெரோனா நகரில் திறந்தவெளி அரங்கில் பாடினார். அந்த ஊரிலேதான் மெனகினி என்பவரைச் சந்தித்தார்.

மெனகினிக்குச் செங்கல் தொழில். நல்ல பணக்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மரியாவுக்கு 23. பெரிய பெயர் ஏதும் இல்லாத பாடகி. பருமனான உடம்பு, பழைய உடை. அந்தப் பெண்ணை அவர் விரும்பினார்! வீட்டார் எதிர்த்தார்கள். அவர் கேட்கவில்லை. 1949-ல் திருமணம் நடந்தது. தொழிலை விட்டுவிட்டு மனைவியின் நிகழ்ச்சிகளைக் கவனிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார்.

இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மரியா குண்டாக இருந்தபோதே அவரை நேசித்த ஓர் ஆண் இருந்தார்.

குரலுக்கும் மதிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. மிலான் நகரில் உள்ள லா ஸ்காலா அரங்கம் இசை நாடகத்துக்குக் கோயில் மாதிரி. 1951 டிசம்பரில் அந்த ஆண்டு நிகழ்ச்சிகளின் தொடக்க விழாவிலேயே மரியா பாடினார். அதைவிடப் பெரிய கௌரவம் இத்தாலியில் கிடையாது.

ஆனால் குரலைப் புகழ்ந்த அதே வாய் உடம்பைப் பற்றியும் பேசியது. ஒரு நாடகத்தில் மேடைக்கு யானைகள் வருமாம். யானையின் கால் எது, மரியாவின் கால் எது என்று தெரியவில்லை என ஒருவர் எழுதினார் என்பார்கள். அதைப் படித்து மரியா அழுதார் என்றும் சொல்வார்கள்.

முகவாய் தெரியவில்லை!

1953 மே மாதம். ‘மெடியா’ என்ற நாடகத்தில் மரியா நடித்தார். மெடியா யார்? துரோகம் செய்த கணவனைப் பழிவாங்குவதற்காகப் பெற்ற பிள்ளைகளையே கொல்லும் தாய். அந்தக் கொடூரம் முகத்தில் தெரிய வேண்டாமா? முகவாயின் கோடு கூர்மையாக இருந்தால் அல்லவா சில வரிகளைப் பாடும்போது கோபம் வெளிப்படும்? கன்னத்தில் சதை இருந்தால் எப்படி?

முகம் இவ்வளவு பருமனாக இருப்பதைத் தன்னால் சகிக்க முடியவில்லை என்று பிற்காலத்துப் பேட்டியில் மரியா சொன்னார். மேடையில் மூச்சு வாங்கியது. வேர்வை கொட்டியது. பாட்டுப் பயிற்சி கூட பாரமாகிவிட்டது என்றார்.

அதே ஆண்டில்தான் ஆட்ரி ஹெப்பர்ன் என்ற நடிகை ‘ரோமன் ஹாலிடே’ படத்தின் மூலம் உலகப் புகழ் அடைந்தார். கொடி போன்ற உடம்பு. அவரைப் போல் ஆக வேண்டும் என்று மரியாவுக்கு ஆசை.

இளைக்க ஆரம்பித்தார். பெரும்பாலும் பச்சைக் காய்கறிகளும் கோழி இறைச்சியும்தான் சாப்பிட்டதாக அவர் சொன்னார். 1954-ல் அவரைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

கதவுகள் திறந்தன

மரியா இளைத்த பிறகு என்னென்ன மாறின?

முதலில், உடை. மிலான் நகரில் பிக்கி என்று ஒரு சீமாட்டி. உயர்ந்த குடும்பத்துப் பெண்களுக்கு உடை தைப்பதில் பெயர் பெற்றவர். அவர் மரியாவுக்கு உடை தைத்தார். பிக்கியின் மருமகன் ஒரு படி மேலே போனார். எந்த உடைக்கு எந்தக் கையுறை, எந்தப் பை, எந்தத் தொப்பி என்று எண் போட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் உடையை இப்போது பெரிய வீட்டுப் பெண்கள் பார்த்து ஆசைப்பட்டார்கள்!

அடுத்து, மேடை. விஸ்கோன்தி என்ற புகழ் பெற்ற சினிமா டைரக்டர் மரியாவை வைத்து நாடகங்கள் தயாரித்தார். 1955 மே மாதம் நடந்த ‘லா திராவியாத்தா’ அவற்றில் முக்கியமானது. நாடகத்தில் கதாநாயகி காச நோயால் இறப்பாள். மெலிந்த மரியா மேடையில் தள்ளாடியபோது சபை கலங்கியது. இளைத்த பிறகு மரியா வேறொரு பெண்ணாகவே ஆகிவிட்டார் என்று அந்த நாடகத்துக்கு இசை நடத்திய ஜூலினி சொன்னார்.

பிறகு, பெரிய மனிதர்கள். மெட்ரோபாலிட்டன் அரங்கத்தின் தலைவர் ரூடால்ப் பிங், மரியாவைப் பருமனாக இருந்த காலத்தில் இத்தாலியில் பார்த்திருந்தார். பின்பு சிகாகோ நகரில் பார்த்தார். அடையாளமே தெரியவில்லை! பிறந்ததிலிருந்தே மெலிந்தவர் போல் அல்லவா இருக்கிறார் என்று வியந்து பின்னர் எழுதினார்.

அதே சிகாகோவில், 1955 நவம்பரில், மரியா ஒரு வேஷம் போட்டார். என்ன வேஷம் தெரியுமா? ‘மேடம் பட்டர்ஃப்ளை’! எந்த வேஷம் தன் உடம்புக்கு ஆகாது என்று பயந்தாரோ, அதே வேஷம். மூன்றே தடவைதான் மேடையில் அந்த வேஷத்தில் நடித்தார். வாழ்நாளில் அதற்குப் பிறகு இல்லை.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். குரலுக்கு வேண்டிய மரியாதை உடம்பு இளைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. லா ஸ்காலா அவரைப் பருமனாக இருந்தபோதே ஏற்றுக்கொண்டது. பிறகு கிடைத்த மரியாதை குரலுக்கு அல்ல. அந்தப் பெண்ணுக்கு! கதவைத் திறந்துவிடுவது, விருந்துக்கு அழைப்பது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது, இவையெல்லாம் மெலிந்த மரியாவுக்கு வந்தவை.

நேற்றுப் பார்க்காதவர் இன்று பார்க்கிறார்

இது பெரிய பாடகிக்கு மட்டும் நடப்பதல்ல.

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு மிகவும் இளைத்தவர்களை 1990-ல் அமெரிக்காவில் விசாரித்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பு, வேலை செய்யும் இடத்திலும் வெளியிலும் மற்றவர்கள் தங்களை இளப்பமாக நடத்துவதாக அவர்களில் பெரும்பாலோர் நினைத்தார்கள். இளைத்த பிறகு அப்படி நினைத்தவர்கள் மிகக் குறைவு.

இதில் சந்தோஷம் இருக்கிறது. சங்கடமும் இருக்கிறது.

கடைக்காரர் புன்சிரிப்புடன் விசாரிக்கிறார். பஸ்ஸில் ஒருவர் நகர்ந்து இடம் விடுகிறார். ஆபீசில் நேற்று வரை முகம் பார்த்துப் பேசாதவர், “காப்பி சாப்பிடப் போகலாமா?” என்கிறார். முதல் வாரம் மனம் குளிர்ந்துவிடுகிறது. இரண்டாவது வாரம் ஒரு கேள்வி எழுகிறது. “போன வருஷமும் நான் இதே தெருவில்தானே நடந்தேன்? இதே நாற்காலியில்தானே உட்கார்ந்தேன்? அப்போது இவர்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள்?”

இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் புதிய சிநேகிதத்தை முழுதாக நம்ப முடிவதில்லை. “இவருக்கு என்னைப் பிடிக்கிறதா, என் இடுப்பு அளவைப் பிடிக்கிறதா?” என்று உள்ளே ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கும்.

பழைய சிநேகிதர்கள் சங்கதி வேறு. கூட்டத்தில் குண்டாக ஒருவர் இருந்தால், மற்றவர்களுக்கு ஒரு வசதி. அவர் எல்லோரையும் சிரிக்க வைப்பார். தன்னையே கேலி செய்துகொள்வார். யாருக்கும் போட்டியாக வரமாட்டார். அவர் இளைத்துவிட்டால் அந்த இடம் காலியாகிவிடுகிறது. அதுவரை தன்னை ஒல்லி என்று நினைத்திருந்த சிநேகிதிக்குத் திடீரென்று தன் உடம்பு உறுத்தத் தொடங்குகிறது. “போதும், இதற்கு மேல் இளைக்காதே, முகம் வற்றிப் போய்விட்டது!” என்று சொல்கிறாள். அக்கறையில் சொல்கிறாளா, ஆற்றாமையில் சொல்கிறாளா? அவளுக்கே தெரியாது.

நம் வீடுகளில் இன்னும் கஷ்டம்! யாராவது இளைத்து வந்தால், “என்ன, சர்க்கரை வந்துவிட்டதா? வீட்டில் ஏதாவது கவலையா?” என்றுதான் முதல் கேள்வி. “பூசினாற்போல் லட்சணமாக இருந்தாயே!” என்று பாட்டி கண் கலங்குவாள். ஆசையாகச் சுட்டு வைத்த அதிரசத்தை வேண்டாம் என்று சொன்னால், அது பாட்டியையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. சாப்பாட்டில்தானே நம் பாசம் இருக்கிறது?

இளைத்தவர்கள் மேலும் குற்றம் இல்லாமல் இல்லை. பத்துக் கிலோ குறைந்ததும் சிலருக்கு உபதேசம் ஆரம்பமாகிவிடும். எதிரே இருப்பவர் எத்தனை இட்லி சாப்பிடுகிறார் என்று எண்ணுவார்கள். நேற்று வரை ஒன்றாக உட்கார்ந்து பரோட்டா தின்ற சிநேகிதனுக்கு இன்று வாழ்க்கைப் பாடம்! அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவானா?

நாடாப்புழுவும் சேமியாவும்

மரியா மெலிந்தது பலருக்குப் பொறுக்கவில்லை. வயிற்றில் நாடாப்புழுவை விட்டுக்கொண்டு இளைத்தார் என்று வதந்தி பரவியது. ஒரு பெண் கட்டுப்பாட்டாலும் உழைப்பாலும் இளைத்தாள் என்றால் உலகம் எளிதில் நம்பாது!

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இத்தாலியர்கள் கோதுமை மாவில் ‘பாஸ்டா’ செய்து சாப்பிடுவார்கள். நம் சேமியாவுக்கு உறவு. ரோம் நகரில் பாஸ்டா தயாரிக்கும் ஒரு கம்பெனி, தங்கள் சரக்கைச் சாப்பிட்டதால்தான் மரியா இளைத்தார் என்று விளம்பரம் செய்தது! மரியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் மரியாவே ஜெயித்தார்.

பருமனாக இருந்தபோது அவர் உடம்பு கேலிப் பொருள். மெலிந்தபோது விளம்பரப் பொருள். இரண்டிலும் அது ஊரார் சொத்தாகவே இருந்தது.

சிகாகோவில் ‘பட்டர்ஃப்ளை’ முடிந்த கடைசி நாள் இரவு, ஒரு பழைய ஒப்பந்த வழக்குக்காக அதிகாரிகள் கோர்ட்டு நோட்டீசுடன் மேடைக்குப் பின்புறம் வந்தார்கள். மரியா சீறினார். அந்தக் கணத்தில் யாரோ ஒரு புகைப்படம் எடுத்துவிட்டார். ஜப்பானியப் பெண் வேஷத்தில், வாய் திறந்து கத்தும் முகம். தேசம் தேசமாகப் பத்திரிகைகள் அதைப் போட்டன. குண்டுப் பெண் என்ற பட்டம் போய், ‘பெண் புலி’ என்ற பட்டம் வந்தது.

“என் மனைவி”

எல்சா மாக்ஸ்வெல் என்று ஓர் அமெரிக்க அம்மாள். பணக்காரர்களுக்கு விருந்து நடத்துவதும் அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதும் அவர் வேலை. முதலில் மரியாவைத் தாக்கி எழுதினார். பிறகு உயிர்த் தோழி ஆகிவிட்டார். இதில் ஒரு விசேஷம், இந்த எல்சா அம்மாளே நல்ல பருமன்!

1957-ல் வெனிஸ் நகரில் எல்சா நடத்திய விருந்தில் மரியா ஒருவரைச் சந்தித்தார். அவர் ஒனாசிஸ். கிரேக்க நாட்டவர். கப்பல்களுக்குச் சொந்தக்காரர். கோடீஸ்வரர்.

1959 ஜூலையில் ஒனாசிஸ் தன் உல்லாசக் கப்பலுக்கு மரியாவையும் மெனகினியையும் அழைத்தார். விருந்தாளிகளில் சர்ச்சிலும் ஒருவர்! செங்கல் வியாபாரம் செய்த மெனகினிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தக் கூட்டத்தில் அவர் ஒட்டவில்லை. பயணம் முடிந்தபோது அவர்களுடைய இல்லறமும் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சட்டப்படி பிரிந்தார்கள்.

குண்டாக, ஏழையாக, பெயர் தெரியாதவளாக இருந்தபோது கைப்பிடித்த மனிதர்! இதற்கு இளைத்ததுதான் காரணமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பணத்தைப் பற்றிய சண்டையும் அவர்களுக்குள் இருந்தது. ஆனால் ஒன்று நிச்சயம். உடம்பு மாறினால் ஊர் மட்டும் மாறுவதில்லை. உடம்புக்கு உள்ளே இருப்பவரும் மாறுகிறார். நேற்று ‘இவ்வளவு கிடைத்ததே’ என்று இருந்தவருக்கு இன்று ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றக் கூடும்.

ஸ்வீடன் நாட்டில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இளைப்பதற்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தனியாக இருந்தவர்களில், ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களைவிட அதிகம் பேர் துணை தேடிக்கொண்டார்கள். ஏற்கனவே துணையோடு இருந்தவர்களில், அதிகம் பேர் பிரிந்தார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவுக்கு அவ்வளவு இந்த மாறுதலும் அதிகம். ஆனாலும் பெரும்பாலான தம்பதிகள் பிரியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மெனகினி கடைசிக் காலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1981-ல் அது வெளிவந்தது. பிரிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மரியாவும் உயிரோடு இல்லை. புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘என் மனைவி மரியா காலாஸ்!’

ஆசிரியைக்கு எழுதிய கடிதங்கள்

மரியாவின் குரல் சீக்கிரமே தளர்ந்தது. இளைத்ததால்தான் குரல் கெட்டது என்று ஒரு கட்சி. அதிகமாகப் பாடியதால் என்று மற்றொரு கட்சி. உடல் நோய் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. தன் தைரியம் போய்விட்டதுதான் காரணம் என்று மரியா சொன்னார். 1965-ல் லண்டனில் கடைசியாக நாடக மேடை ஏறினார். அப்போது அவருக்கு 41 வயது.

1968 அக்டோபர் 20-ந் தேதி ஒனாசிஸ் திருமணம் செய்துகொண்டார். மணமகள் மரியா அல்ல. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து கொலையுண்ட கென்னடியின் விதவை ஜாக்குலின்.

விருந்துகளில் சூழ்ந்து நின்ற கூட்டம் மெள்ள மெள்ளக் கரைந்தது. பாரிஸ் நகரில் ஒரு பெரிய வீட்டில் மரியா வசித்தார். வேலைக்காரி புரூனாவும் வேலைக்காரர் பெருச்சியோவும் கடைசி வரை அவருடன் இருந்தார்கள். இரண்டு நாய்க்குட்டிகள் உண்டு.

ஆசிரியை ஹிடால்கோவுக்கு அவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பருமனாக இருந்த காலத்தில் தொடங்கிய உறவு அது. ‘பட்டர்ஃப்ளை’ வேஷம் போட்டபோதும், பத்திரிகைகள் ‘புலி’ என்று எழுதியபோதும், கணவரைப் பிரிந்தபோதும், ஒனாசிஸ் கைவிட்டபோதும் அந்த உறவு விட்டுப் போகவில்லை. மனத்தில் இருந்ததை ஒளிக்காமல் அவருக்கு எழுதினார். அந்தக் கடிதங்களில் சிலவற்றை 2017-ல் வெளிவந்த ஒரு படத்தில் வாசித்திருக்கிறார்கள்.

1977 செப்டம்பர் 16-ந் தேதி பாரிஸ் வீட்டில் மாரடைப்பால் மரியா இறந்தார். வயது 53. மிலான் நகரில் இருந்த ஹிடால்கோவுக்கு அப்போது 85 வயது.